நாட்டுத் துப்பாக்கி என்று எழுதியது தவறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்க மான் வேட்டை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் பென்சில்வேனியாவின் பனிக்காட்டில் ஒரு நாள் முழுக்க நடந்திருக்கிறார். அந்தக் குளிர் நமக்கும் தெரிகிற மாதிரி எழுதியிருக்கிறார், சரி. ஆனால் அந்த வேட்டைக்காரர் கையில் இருக்கும் வாய்வழி கெட்டிக்கும் ரைஃபிளைக் கட்டுரை முழுக்க 'நாட்டுத் துப்பாக்கி' என்றே குறிப்பிட்டிருக்கிறீர்கள். அங்கேதான் எனக்கு இடித்தது.

நான் பெங்களூரு அல்சூரில் பிறந்து வளர்ந்தவன். அம்மாவின் ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டிப் பக்கம். அங்கே தாத்தாவிடம் லைசென்ஸ் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. பள்ளி விடுமுறையில் அதைத் துடைத்து எண்ணெய் போடுவது என் வேலை. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

அந்த ரைஃபிள், நம் நாட்டுத் துப்பாக்கி இரண்டுக்கும் குழலின் வாய் வழியாகத்தான் வெடிமருந்து போட்டுக் கெட்டிக்க வேண்டும். வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்த கருமருந்துதான் இரண்டிலும். ஒற்றுமை அதோடு சரி. ரைஃபிள் குழலின் உள்ளே திருகு போல வரி வெட்டியிருக்கும். ஒரே ஓர் ஈயக் குண்டை, கொழுப்புத் தடவிய துணியில் பொதிந்து, கம்பியால் இறுக்கமாக இறக்குவார்கள். சுடும்போது துணி அந்த வரிகளைப் பற்றிக்கொள்வதால் குண்டு சுழன்றுகொண்டே வெளியே போகும். கை பழகியவர் 50, 60 கஜத்தில் நிற்கும் மானின் முன்னங்காலுக்குப் பின்னால், நெஞ்சுக்கூட்டில் குறி வைத்து அடித்துவிடலாம்.

தாத்தாவின் துப்பாக்கிக் குழல், தண்ணீர்க் குழாய் மாதிரி உள்ளே வழவழவென்று இருக்கும். நம் பக்கத்துத் திருட்டு வேட்டைக்காரர்கள் வைத்திருப்பதும் அப்படித்தான். மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை அடைத்து இடித்து, மேலே ஒரு பிடி பால்ரஸ் (சைக்கிள் சக்கரத்தில் இருக்கும் சின்ன இரும்புக் குண்டு) போட்டு, மறுபடியும் நார். சுட்டால் விதை வீசியது போலச் சிதறும். கிட்டத்தில் இருந்தால் மான் விழும். கொஞ்சம் தள்ளி நின்றால் ஒரு குண்டு காலில், ஒன்று வயிற்றில், ஒன்று தாடையில். விழாமல் ஓடிப்போய்விடும். எனக்குப் பத்து வயதிருக்கும்போது எங்கள் அவரைக் காட்டு ஓரத்தில் தாடை உடைந்த ஒரு பெண் புள்ளிமானைப் பார்த்தேன். மேயவும் முடியாமல், தண்ணீர் குடிக்கவும் முடியாமல் நின்றுகொண்டிருந்தது. கிட்டே போனால் அந்த நிலையிலும் ஓடியது. அதைத் தாத்தா என்ன செய்தார் என்று கேட்காதீர்கள்.

கட்டுரையில் விட்டுப்போன இன்னொன்று. பென்சில்வேனியாவில் இந்த வகைத் துப்பாக்கிக்கென்றே ஒதுக்கிய தனி மான் வேட்டைப் பருவம் 1974இல் தொடங்கியது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆரம்பிக்கும் அந்தக் குளிர்காலப் பருவத்தில், சிக்கிமுக்கிக் கல் பொறியில் வெடிக்கும் துப்பாக்கிக்கு மட்டும்தான் அனுமதி. 1985இல் 'நைட் எம்.கே.85' என்ற புதுமாதிரி ரைஃபிள் வந்த பிறகு, வாய் வழியாகக் கெட்டிக்கிற துப்பாக்கியிலும் தூரத்து மானைச் சுலபமாக அடிக்கலாம் என்றாகிவிட்டது. அதையெல்லாம் இந்தப் பருவத்துக்குள் அவர்கள் விடுவதில்லை. ஈரக்காற்றில் மருந்து நமுத்துப்போகும், கல்லைப் பிடித்திருக்கும் குதிரை (சுத்தி) விழுந்து பொறி பறந்தும் உள்ளே பற்றாமல் போகும், ஒரு வெடிக்குப் பிறகு புகையில் ஒன்றும் தெரியாது. இத்தனை கஷ்டத்தையும் விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். சுட்ட மானின் காதில் சீட்டுக் கட்டாமல் அதை அந்த இடத்திலிருந்து நகர்த்தக் கூடாது.

நம் பக்கம் நாட்டுத் துப்பாக்கித் திருட்டு வேட்டை ஏன் இன்னும் ஒழியவில்லை? தோட்டா போடுகிற துப்பாக்கி என்றால் லைசென்ஸ் காட்டிக் கடையில் தோட்டா வாங்க வேண்டும், அது கணக்கில் ஏறும். நாட்டுத் துப்பாக்கிக்குப் பட்டாசு மருந்தும் சைக்கிள் கடை பால்ரஸும் போதும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் லைசென்ஸோடு வேட்டைக்கு இடம் வைத்திருந்த காலத்திலேயே இரவில் சுடக் கூடாது, விளக்கடித்துச் சுடக் கூடாது என்று சொன்னது. 1991 திருத்தத்தில் அந்த லைசென்ஸும் போயிற்று. இன்று நடப்பதோ தலையில் டார்ச் கட்டிக்கொண்டு, ராத்திரியில், தண்ணீர் குடிக்க வரும் இடத்தில். (குடகில் துப்பாக்கி வைத்திருக்கிறார்களே என்று யாராவது எழுதுவார்கள். அங்குள்ளவர்களுக்குக் கிடைத்த விலக்கு துப்பாக்கி லைசென்ஸுக்குத்தான், வேட்டைக்கு இல்லை.)

இதையெல்லாம் இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. போன மாதம் அலுவலக நண்பர்களோடு கனகபுரா சாலைப் பக்கம் ஒரு பண்ணை விடுதிக்குப் போயிருந்தோம். ராத்திரி சமையல்காரர் கிட்டே வந்து, "சார், ஜிங்கெ மாம்ஸ இதெ, பேக்கா?" என்றார். மான் கறி. கூட இருந்த ஒரு பையன், நம்ம தமிழ்ப் பையன்தான், கண் விரியக் கேட்டான்: "நாட்டுத் துப்பாக்கியில அடிச்சதா?" ஏதோ பாரம்பரியச் சமையல் மாதிரி. நான் வேண்டாம் என்றதும், கறியை வைத்திருப்பதே குற்றம், மாட்டினால் ஜெயில் என்றதும் அவனுக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் அச்சிடும் ஒரு சொல் இப்படிப்பட்ட காதுகளிலும்தான் விழுகிறது.

தாத்தா அந்தத் துப்பாக்கியில் பெரும்பாலும் வெறும் மருந்துதான் போட்டார். கேழ்வரகுக் காட்டில் பரண் மேல் உட்கார்ந்து பன்றியை விரட்ட அந்தச் சத்தம் போதும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்த வகைத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரச் சொல்வதும் பயிர்க் காவலுக்காகத்தான். ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைத் துணியில் சுற்றி போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைப்பார், முடிந்ததும் திரும்ப வாங்கி வருவார். அவர் போன பிறகு மாமா நிரந்தரமாகவே ஒப்படைத்துவிட்டார். ரசீது என்னிடம் இருக்கிறது. அதில் ரைஃபிள் என்று எங்கும் இல்லை, 'எஸ்.பி.எம்.எல். கன் - 1' என்றுதான் எழுதியிருக்கிறார்கள். ஒற்றைக் குழல், வாய் வழியாகக் கெட்டிப்பது என்று பொருள்.

ஸ்டேஷன் எழுத்தருக்கு இருந்த கவனம் ஒரு பத்திரிகைக்கும் இருக்கலாம். அடுத்த இதழில் ஒரு வரி திருத்தம் போடுங்கள். 'வாய்வழி கெட்டிக்கும் ரைஃபிள்' என்றால் நீளம்தான், ஆனால் சரியாக இருக்கும்.

அல்சூர் வாசகர்,
பெங்களூரு