ஏலகிரியில் நடக்க வழி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை என்றதும் வேலூர்க்காரர்கள் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஓடுகிறோம், பக்கத்திலேயே ஏலகிரி இருக்கிறது. பொன்னேரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் அத்தனாவூர். சென்ற ஞாயிறு நாங்கள் ஐந்து பேர் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு விடிகாலையில் நடக்க ஆரம்பித்தோம். நிலாவூர், மங்கலம், அங்கிருந்து சுவாமிமலை உச்சி, இறங்கி புங்கனூர் ஏரி, திரும்ப அத்தனாவூர். உச்சிக்கு ஏறும்போது மூச்சு வாங்கியது உண்மைதான், ஆனால் மேலே பாறையில் உட்கார்ந்து, வெயில் ஏறுவதற்குள் வீசிய அந்தக் காற்றை வாங்கினால் வேலூரின் மே மாதமே மறந்துபோகும்!

மாலையில் மலையைச் சுற்றிக்கொண்டு ஜலகாம்பாறை அருவிக்கும் போனோம். கோடையில் தண்ணீர் குறைவுதான், மழைக்குப் பிறகு பார்க்க வேண்டும். சரி, அதற்காக வருத்தமில்லை. வருத்தமெல்லாம் பாறை இடுக்குகளில் கிடந்த பிளாஸ்டிக் பாட்டில்களையும் உடைந்த மது பாட்டில் கண்ணாடியையும் பார்த்துத்தான். வெறுங்காலோடு தண்ணீரில் இறங்கிய என் மகளின் காலைக் கிழித்துவிட்டது.

சுவாமிமலைப் பாதையிலும் இரண்டு இடத்தில் வழி தவறினோம், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர்தான் கூடவே வந்து திருப்பிவிட்டார். பாதை பிரியும் இடங்களில் தமிழில் பலகை, வழியில் ஓரிடத்திலாவது குடிநீர், அருவிக்குள் பாட்டில் கொண்டுபோகத் தடை. இந்த மூன்றையும் மழைக்காலம் தொடங்குவதற்குள் செய்து கொடுத்தால் குழந்தைகளோடு மறுபடியும் வருவோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காட்பாடி