விரல் அசைந்தால் எலும்பு உடையவில்லை என்று யார் சொன்னது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தைப்பூசத்துக்கு இரண்டு நாளைக்கு முன், பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் எங்கள் பந்தலுக்குத் தேங்காய் மூட்டை இறக்கும்போது கயிற்றில் என் மோதிர விரல் மாட்டி முறுக்கிக்கொண்டது. வீங்கியது, ஆனால் அசைந்தது. அசைகிறதே, அப்புறம் எலும்பு எப்படி உடைந்திருக்கும் என்று சுற்றியிருந்தவர்கள் சொல்ல, நானும் நம்பி, சுளுக்கு எடுப்பவரிடம் மூன்று நாள் எண்ணெய் போட்டு நீவிக்கொண்டேன். மோதிரத்தை உடனே கழற்றவும் தோன்றவில்லை, கடைசியில் வெட்டித்தான் எடுத்தார்கள்.

நீட்டிப் பார்த்தால் விரல் நேராகத்தான் இருந்தது. ஏழு வாரம் கழித்துச் சோறு பிசையும்போதுதான் தெரிந்தது, மடக்கினால் அது சுண்டு விரல்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது! எக்ஸ்ரே எடுத்தார்கள், நேராக, சாய்வாக, பக்கவாட்டில் என்று மூன்று கோணத்தில். எலும்பு சாய்வாக உடைந்து, திரும்பிய நிலையிலேயே ஒட்டியிருந்தது. அதை அறுத்து, திருப்பி, பிளேட் வைத்துச் சரிசெய்ய வேண்டியதாயிற்று.

டாக்டர் காட்டிய சோதனை ரொம்பச் சுலபம். விரல்களை மெதுவாக உள்ளங்கைப் பக்கம் மடக்குங்கள், வலித்தால் பாதி போதும், நுனிகள் எல்லாம் கட்டைவிரலின் அடிப்பக்கம், மணிக்கட்டை நோக்கிச் சாய வேண்டும். ஒன்று மட்டும் பக்கத்து விரலைக் குறுக்கே வெட்டினால் எலும்பு திரும்பியிருக்கலாம், மற்ற கையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அன்றைக்கே எக்ஸ்ரேவுக்குக் கிளம்புங்கள். குறுக்கே வராவிட்டாலும், வீக்கமும் எலும்பைத் தொட்டால் வலியும் இருந்தால் போகத்தான் வேண்டும். அரசாங்க கிளினிக்கில் நமக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட்தான், எண்ணெய்க்கே நான் அதைவிட அதிகம் கொடுத்தேன்.

விலகாத சாதாரண முறிவு என்றால் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டி, மூன்று நான்கு வாரம் அசைத்துக்கொண்டே இருந்தால் போதுமாம், அதிக நாள் அசையாமல் கட்டிப்போட்டால்தான் விரல் விறைத்துவிடும். ஆனால் பந்து பட்டு விரல் நுனி தொங்கிப்போனால் கதை வேறு. அந்த நுனி மூட்டை மட்டும் ஆறு முதல் எட்டு வாரம் இரவும் பகலும் நீட்டியே வைக்க வேண்டும், நடுவில் ஒரு முறை மடங்கினாலும் முதலிலிருந்து எண்ண வேண்டுமாம்.

பிசியோவுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். சோற்றை இன்னும் கரண்டியில்தான் சாப்பிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர்,
பட்டர்வொர்த், பினாங்கு