முக்காடிட்ட பெண்ணும் ஓவியர்தான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். 18ஆம் நூற்றாண்டு ஸ்வீடன் பிரபுக்களின் ரொக்கோக்கோ (அலங்காரம் மிகுந்த அக்காலக் கலைப்பாணி) உருவப்படங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். மால்மோவில் பிறந்து பாரிஸில் பெயர் வாங்கிய அலெக்சாண்டர் ரோஸ்லின், பட்டுத் துணியையும் சரிகையையும் தொட்டுப் பார்க்கத் தோன்றும்படி தீட்டியதை எழுதியிருந்த பகுதி அருமை. ஆனால், அவருடைய 'முக்காடிட்ட பெண்' (1768) படத்துக்குக் கீழே 'ரோஸ்லினின் மனைவி' என்று மட்டும் போட்டு நிறுத்திவிட்டீர்கள். அதுதான் மனதை உறுத்துகிறது.

கறுப்புப் பட்டு முக்காடு பாதி முகத்தை மறைக்க, கையில் விசிறியோடு குறும்பாகப் பார்க்கும் அந்தப் பெண் மரி-சூசன் ஜிரூ. அவரும் ஓவியர். மாப்பிள்ளை புராட்டஸ்டன்ட், கையில் காசும் இல்லை என்று பெண் வீட்டார் தடுத்தும், 1759இல் ரோஸ்லினையே மணந்தார். 1770இல் பிரெஞ்சு அரச ஓவியக் கழகம் அவரை உறுப்பினராக்கியது. அந்த இடம் மிகச் சில பெண்களுக்கே கிடைத்தது. சிற்பி பிகாலை அவர் வண்ணக் குச்சிகளால் வரைந்த பாஸ்டல் படம் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1772இல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனபோது வயது 38தான்.

மனைவியும் ஓவியர் என்பதைக் கணவர் மறைத்தவரும் இல்லை. முக்காட்டுப் படத்துக்கு முந்தைய ஆண்டு, 1767இல், தங்கள் இருவரையும் சேர்த்தே ஒரு படம் வரைந்தார். அதில் மரி-சூசன், நண்பர் பெய்லின் உருவத்தைப் பாஸ்டலில் தீட்டிக்கொண்டிருக்கிறார். இரண்டு படங்களுமே ஸ்டாக்ஹோம் தேசிய அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

பாஸ்டல் ஏதோ லேசான வேலை என்று வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. அது வெறும் வண்ணப்பொடிக் குச்சி. விரல் பட்டால் கலையும், கண்ணாடி போட்டுத்தான் காக்க வேண்டும். பாரிஸில் இத்தாலிய ஓவியர் ரோசல்பா காரியெராவிடம் அதைக் கற்ற ஸ்வீடன் ஓவியர் குஸ்டாஃப் லுண்ட்பெரி, 1745இல் ஊர் திரும்பியதும் ஸ்வீடன் பிரபுக்கள் அவரிடம் படம் வரைந்துகொள்ள ஆசைப்பட்டதில் வியப்பில்லை. பவுடர் தூவிய கூந்தலையும் கன்னத்தையும் காட்டப் பொடியைவிடப் பொருத்தமானது எது?

அப்புறம், உல்ரிகா பாஷ். கட்டுரையில் அண்ணன் லோரென்ஸ் பாஷ் இருக்கிறார், தங்கையைக் காணோம். அண்ணன் வெளிநாட்டில் ஓவியம் பயின்ற காலத்தில், ஸ்டாக்ஹோமில் உருவப்படம் வரைந்து குடும்பத்தைத் தாங்கியவர் உல்ரிகா. 1773இல் ஸ்வீடன் அரச கலைக் கழகமும் அவரைச் சேர்த்துக்கொண்டது. அண்ணனின் படங்களில் உடைகளின் நுணுக்க வேலையை இவர் செய்து கொடுத்ததாகவும் சொல்வார்கள். அப்படியென்றால் நாம் வியக்கும் பட்டில் எத்தனை மடிப்பு தங்கையுடையது?

அடுத்த இதழில் அந்த 1767ஆம் ஆண்டுப் படத்தையும், உல்ரிகா வரைந்த ஒன்றையும், வரைந்தவர் பெயரோடு வெளியிடுங்கள். அரைப்பக்கம் ஒதுக்கினாலே போதும்.

அன்புடன்,
ஒரு வாசகி,
கும்பகோணம்