வேலை முடிந்த பிறகும் திருமலை நாயக்கர் மகால் திறந்திருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் தையல்காரன். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கிற புது மண்டபத்தில் அப்பா போட்ட மிஷினில் உட்கார்ந்து தொழில் கற்றவன். கடைகளை அங்கிருந்து மாற்றியபோது எல்லோரோடும் சேர்ந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு வந்தேன். புது மண்டபத்தில் இருந்த காலத்தில் வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் அண்ணாந்து தூண்களைப் பார்த்துக்கொண்டு போவார்கள். நாங்கள் குனிந்து துணியைப் பார்த்துக்கொண்டிருப்போம். அந்த வேலையில் எனக்குக் குறையில்லை. ஆனால் மதுரையில் இருக்கிற எங்களுக்கு மதுரையைப் பார்க்க நேரம் வாய்ப்பதே இல்லை என்பது மனதை உறுத்துகிறது.

எங்கள் வீடு முனிச்சாலையில். திருமலை நாயக்கர் மகாலுக்கு நடந்தே போய்விடலாம். எட்டாவது படிக்கிற என் மகள் பள்ளிச் சுற்றுலாவில் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டாள். மகாலுக்குள் இன்னும் கால் வைக்கவில்லை. பார்வை நேரம் மாலை 5 மணியோடு முடிகிறது. காந்தி மியூசியத்தையும் 6 மணிக்குள் அடைத்துவிடுகிறார்கள். நான் கடையை விட்டு இறங்கவே எட்டாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை போகலாமே என்பார்கள். சுற்றுவட்டாரக் கிராமத்து ஜனங்கள் துணியோடு வருவதே அன்றைக்குத்தான். மாசி வீதிகளிலும் விளக்குத்தூணிலும் ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, நகைப்பட்டறை என்று வேலை பார்க்கிற ஆயிரக்கணக்கானவர்களின் நிலைமையும் இதுதான்.

அதனால் எங்களுக்கு மிச்சம் மீனாட்சியம்மன் கோயிலும் தெப்பக்குளமும்தான். வண்டியூர் தெப்பக்குளம் வறண்டு கிடந்து பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடியதைப் பார்த்திருக்கிறேன். பனையூர்க் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீர் வந்து நிறைந்த பிறகு அந்தப் பக்கமே மாறிவிட்டது. ராத்திரி சாப்பாட்டை முடித்துவிட்டு குடும்பம் குடும்பமாகக் கரையில் வந்து உட்காருகிறார்கள். பிள்ளைகளுக்குப் பருத்திப்பால், பெரியவர்களுக்குக் காற்று. வேலை முடிகிற நேரத்தில் ஓர் இடம் திறந்திருந்தால் மதுரைக்காரர்கள் வருவார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். நத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூலகத்திலும் இருட்டின பிறகு கூட்டம் இருக்கிறது.

இந்தத் தெப்பக்குளத்தில் வெட்டிய மண்ணில்தான் மகாலுக்குச் செங்கல் அறுத்தார்கள் என்று சொல்வார்கள். 1636-ல் கட்டிய அரண்மனையில் இன்றைக்கு மிஞ்சியது கால் பங்குதான். 1970 வரை மாவட்டக் கோர்ட் அங்கேதான் நடந்தது. வாய்தாவுக்குப் போய் அந்தத் தூண் நிழலில் உட்கார்ந்திருந்ததை அப்பா அடிக்கடி சொல்வார். வழக்குக்காகவாவது அவர் காலத்தில் சாதாரண ஜனங்கள் உள்ளே போய்வந்தார்கள்.

என் வேண்டுகோள் இதுதான்: வாரத்தில் இரண்டு நாள், சனியும் ஞாயிறும், மகாலை இரவு 9 மணி வரை திறந்து வையுங்கள். நான் கேட்பது ஒலி-ஒளிக் காட்சியை அல்ல. நாற்காலி போட்டு உட்கார வைக்காமல், சொர்க்கவிலாசத்து முற்றத்திலும் நாடகசாலையிலும் பிள்ளைகளோடு நடந்து பார்க்க விட்டால் போதும். பகலில் வாங்குகிற கட்டணத்தையே வாங்கிக்கொள்ளட்டும். தூணில் பெயர் கிறுக்குவார்களே என்ற பயம் நியாயமானது. அந்தக் கிறுக்கல்களைப் பார்த்தால் எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் கிறுக்குகிறவர்கள் பகலிலும்தான் கிறுக்குகிறார்கள். காவலுக்குக் கூடுதல் ஆள் போட்டால் அதைத் தடுக்கலாம்.

சித்திரை, வைகாசி வெயிலில் பகல் 2 மணிக்கு அந்த முற்றத்தில் நிற்க முடியாது. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கும் மாலை நேரம்தான் சௌகரியம். கீழக்குயில்குடி சமணர் மலைக்கும் ஞாயிறு விடியற்காலையில் கூடுதலாக ஒரு டவுன் பஸ் விட்டால், கடை திறக்கும் முன்பே குடும்பத்தோடு ஏறி இறங்கிவிடலாம். ஆனால் முதலில் மகாலைத் திறக்கட்டும். வருகிற கோடை விடுமுறையில் ஒரு மாதம் மட்டும் சோதனையாகச் செய்து, எத்தனை டிக்கெட் போகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு, அதற்குமேல் தொல்லியல் துறை முடிவெடுக்கட்டும்.

இப்படிக்கு,
தையல் தொழிலாளி ஒருவர்,
முனிச்சாலை, மதுரை