கப்பல் தாமதத்தின் சுமை யார் தலையில்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செங்கடல் வழியை விட்டுச் சரக்குக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனதைப் பற்றி உங்கள் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். கண்டெய்னர் வாடகை, எரிபொருள் செலவு, கப்பல் நிறுவனங்களின் வருமானம் எல்லாம் விவரமாக இருந்தன. ஆனால் கூடுதலாகப் பிடித்த அந்த நாட்களை ஈடுகட்டியது யார் என்பது அதில் இல்லை. திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனங்களுக்கு ஜாப் ஒர்க்காகத் தைத்துக் கொடுக்கும் சிறிய யூனிட் ஒன்றை நடத்துகிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

2023 நவம்பரில் செங்கடலில் ஏமனின் ஹவுதி கிளர்ச்சியாளர்கள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கிய பிறகு, ஐரோப்பாவுக்குப் போகும் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் சூயஸ் கால்வாயைத் தவிர்த்துவிட்டு நன்னம்பிக்கை முனை வழியாகப் போயின. பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை கூடுதலாகப் பிடித்தது. எங்கள் ஊர்ச் சரக்கில் பெரும்பகுதி தூத்துக்குடியில் சிறிய கப்பலில் ஏறி, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறுகிறது. பெரிய கப்பலின் தேதி தள்ளிப்போனால் கொழும்பிலும் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

இவ்வளவு நடந்தும், ஐரோப்பாவில் கடைக்குச் சரக்கு வந்துசேர வேண்டிய தேதி மட்டும் மாறவில்லை. கோடைக்கான டி-ஷர்ட் கோடை முடிந்து போனால் யார் வாங்குவார்கள்? அதனால் பெட்டிகள் இரண்டு வாரம் முன்னதாகவே துறைமுகத்துக்குப் போக வேண்டும் என்று வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் சொன்னார்கள்.

அந்த இரண்டு வாரத்தை எங்கே மிச்சம் பிடிப்பது? நிட்டிங் மெஷின் ஓடுகிற வேகத்தில்தான் ஓடும். சாயப்பட்டறையை விரட்ட முடியாது. 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடப்பட்டு, கழிவுநீரை வெளியே விடாமல் முழுவதும் சுத்திகரித்தால்தான் ஓட்டலாம் என்றான பிறகு, அவர்கள் எடுக்கும் சரக்குக்கும் ஓர் அளவு உண்டு. நிறம் சரியாக வராத லாட்டைத் திரும்பப் போட்டால் அதற்கும் நாள் போகும். ஆகவே மிஞ்சுவது கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் மட்டும். துணி எங்கள் வாசலுக்கு வரும்போதே பாதி நாட்கள் போயிருக்கும், டெலிவரி தேதி மட்டும் அப்படியே நிற்கும். வழக்கமாக ஒன்றரை ஷிப்ட்டோடு வீட்டுக்குப் போகிற ஓவர்லாக், பேட்லாக் மெஷின் டெய்லர்கள் இரண்டு ஷிப்ட் பார்த்தார்கள். அசந்த கண்ணுக்கு விட்டுப்போன தையலும் தெரியாது, எண்ணெய்க் கறையும் தெரியாது. இன்ஸ்பெக்‌ஷனில் அது பிடிபட்டால் கட்டிய பெட்டியைப் பிரித்து மொத்தத்தையும் மறுபடி செக்கிங் செய்ய வேண்டும். அந்தக் கூலி எங்கள் கணக்கு. தேதி தவறி விமானத்தில் அனுப்ப நேர்ந்தால், அந்தச் செலவிலும் ஒரு பகுதியை எங்கள் பில்லில் கழிப்பார்கள்.

அப்புறம் பணம். எங்கள் ஊரில் தையல் கூலி சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை. அதைத் தள்ளிப்போட முடியாது, போடவும் கூடாது. வேலையை முடித்துக் கொடுத்துப் பல வாரம் ஆன பில்லைக் கேட்டு ஏற்றுமதி நிறுவனத்துக்குப் போனால், "கப்பலே இன்னும் போய்ச் சேரலீங்க" என்று பதில் வருகிறது. சொல்பவரையும் முழுதாகக் குறை சொல்ல மனம் வரவில்லை. சரக்கு கைக்கு வந்த தேதியிலிருந்து நாள் எண்ணிப் பணம் தரும் வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் அவரும் மாட்டிக்கொண்டிருக்கிறார். ஆனால் நான் தைத்துக் கொடுத்த கூலிக்கும் கடலில் போகும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்?

சட்டம் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவும் வந்தது: கெடுவுக்குள் கொடுக்காத பாக்கியை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. நல்ல சட்டங்கள். ஆனால் வட்டி கேட்டு எழுதிய யூனிட்டுக்கு அடுத்த ஆர்டர் வருமா? பில்லை முன்கூட்டியே பணமாக்கித் தரும் ட்ரெட்ஸ் தளத்தில் 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் கட்டாயம் சேர வேண்டும் என்று 2024 நவம்பரில் அரசு அறிவித்தது. எங்களுக்கு வேலை தரும் நிறுவனங்களில் பெரும்பாலானவை அந்த அளவுக்கு வெகு கீழே. வரம்பை இன்னும் இறக்கினால்தான் அது எங்களைப் போன்றவர்கள் வரை வரும்.

கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டபோது, கொழும்பை நம்பியிருப்பது குறையும் என்று பலரும் எழுதினார்கள். குறைந்தால் சந்தோஷம்தான். ஆனால் நாள் மிச்சமானாலும், ஒப்பந்தம் மாறாதவரை அது எங்கள் மேசைக்கு வந்து சேராது. வழக்கமான பயண நாட்களுக்கு மேல் ஆகும் தாமதத்தை வாங்குபவரே ஏற்க வேண்டும் என்ற ஒரு வரியை ஏற்றுமதியாளர் சங்கங்கள் ஒன்றாக நின்று ஒப்பந்தத்தில் கேட்க வேண்டும். தனி ஒருவர் கேட்டால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும் என்ற பயம் நியாயமானது. அதனால்தான் சங்கங்களைக் கேட்கிறேன்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு கால்வாயோ துறைமுகமோ அடைபட்டுச் செய்தி எழுதும்போது, கண்டெய்னர் வாடகையோடு இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள்: தைத்துக் கொடுக்க எத்தனை நாள் தந்தார்கள்? அதற்கான கூலி எத்தனையாவது நாளில் கைக்கு வந்தது?

இப்படிக்கு,
ஜாப் ஒர்க் யூனிட் நடத்தும் வாசகர்,
திருப்பூர்.