கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் ஒரு பழைய கணினிக்கு இடம் கொடுங்கள்

மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தாருக்கு வணக்கம்.

செல்லூரிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் பரணை ஒதுங்க வைத்தபோது பள்ளிக்காலத்து கேம் சிடிக்கள் நாற்பது கிடைத்தன. இன்ஸ்டால் செய்யும்போது கேட்கும் கீ நம்பர், உறையில் ஒட்டியிருந்தது, மங்கிவிடும் என்று அண்ணன் அன்றைக்கே பேனாவால் மேலே எழுதி வைத்திருக்கிறான். மகளுக்குக் காட்டலாம் என்று உட்கார்ந்தேன். புது லேப்டாப்பில் சிடி போட வழியே கிடையாது. தனியாக ஒரு டிரைவ் வாங்கிச் செருகினேன். கர்ரென்று சுற்றியது, இன்ஸ்டாலும் ஆனது. கேமைத் திறந்தால் சின்ன வட்டம் ஒன்று இரண்டு நொடி சுழன்றது, அவ்வளவுதான். மகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

சிடியில் ஒரு கீறல்கூட இல்லை. திருட்டு நகலைத் தடுக்க அப்போது பல கேம்களில் சேஃப்டிஸ்க் என்ற பூட்டைப் போட்டு விற்றார்கள். சிடி அசல்தானா என்று சோதிக்க விண்டோஸுக்குள் டிரைவர் என்ற ஒரு சின்ன மென்பொருள் இருக்கும். அதில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால் 2015-இல் வந்த விண்டோஸ் 10 அதை ஏற்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் விண்டோஸ் 7, 8-லும் அப்டேட் மூலம் முடக்கினார்கள். முடக்கியது சரிதான். ஆனால் காசு கொடுத்து அசலை வாங்கியவர் வெளியே நிற்கிறாரே, அதுதான் என் ஆற்றாமை. இன்னும் சில கேம்களின் இன்ஸ்டாலர் 16 பிட் என்ற பழைய வகை, அதை இன்றைய 64 பிட் விண்டோஸ் தொடவே தொடாது. இவற்றுக்கும் முந்திய, டாஸ் என்ற பழைய இயங்குதளத்துக்கான கேம்களோ, அந்தக் காலக் கணினிபோல நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளில் அருமையாக ஓடுகின்றன. தாத்தா எழுந்து நடக்கிறார், அப்பாதான் படுத்துவிட்டார்.

சிம்மக்கல் பக்கம் சர்வீஸ் கடை வைத்திருக்கும் நண்பர், மூலையில் கிடந்த, பழைய விண்டோஸ் எக்ஸ்பி போட்ட கணினியை எடுத்துத் தந்தார். அதே சிடி, முதல் தடவையே ஓடியது. அன்று ராத்திரி மகளைச் சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனோம்.

இப்படிப்பட்ட கணினிகளும் சிடிக்களும் தினமும் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. அச்சில் இல்லாத புத்தகத்தைக் காப்பாற்றி வைக்கிற இடம் நூலகம். அதே அக்கறையை இவற்றுக்கும் காட்டுங்கள். சிறுவர் பகுதியில் ஒரு மேசை, எக்ஸ்பி கணினி ஒன்று, சிடிக்களுக்கு ஒரு அலமாரி போதும். இன்டர்நெட் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், எக்ஸ்பிக்கு இப்போது பாதுகாப்பு அப்டேட் வருவதில்லை. சிடியும் நாள்பட்டால் கெடும். பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, முறைப்படி வைத்திருப்பவர் மென்பொருளைக் காப்புக்காக நகலெடுக்க இடம் தருகிறது. பூட்டுப் போட்ட சிடிக்களை எப்படி நகலெடுக்கலாம் என்று மட்டும் உங்கள் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

என் நாற்பது சிடிக்களையும் தருகிறேன், அந்தக் கணினியையும் சேர்த்து. அதற்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி கொஞ்சம் சத்தம் போடுகிறது, மாற்றியே கொண்டுவருகிறேன். சனிக்கிழமை மதியங்களில் வந்து பிள்ளைகளோடு உட்காரவும் தயார். எந்தச் சனிக்கிழமை என்று மட்டும் சொல்லுங்கள்.