எங்கள் தோப்பு ஈக்களை அடையாளம் காண உதவிய எல்லோருக்கும் நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

பழ ஈக்களின் படத்தாள் அச்சாகி வந்துவிட்டது. காவேரிப்பட்டணம், சந்தூர், பர்கூர் பக்கத்து உரக்கடைகளிலும் மாங்காய் மண்டிகளிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறோம். உதவியவர்களின் பெயர்களைப் போடத் தாளில் இடமில்லை. பலர் போட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டீர்கள். ஆனாலும் நன்றியை எல்லோர் முன்னாலும் சொல்லியாக வேண்டும்.

முதலில், பெங்களூரில் பூச்சி வகைப்பாட்டு வேலையில் இருக்கும் ஐயாவுக்கு. நாங்கள் அனுப்பிய படங்களில் பாதிக்கு மேல் அவர் சொன்ன பதில், "இதை வைத்துச் சொல்ல முடியாது, மறுபடி எடுங்கள்" என்பதுதான். படத்தில் எது தெரியவில்லை என்பதையும் ஒவ்வொரு முறையும் சொல்வார். குத்துமதிப்பாக ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவது அவருக்குச் சுலபம். அவர் அப்படிச் செய்யாததால்தான் இன்று தாளில் உள்ள படங்களை நம்பி ஒட்ட முடிகிறது.

மாந்தோப்பில் மீத்தைல் யூஜினால் (ஆண் ஈக்களைக் கவர்ந்திழுக்கும் வாசனைப் பொருள்) பொறி வைத்தால் பாக்ட்ரோசெரா என்ற பழ ஈப் பேரினத்தில் டார்சாலிஸ், ஜோனாட்டா, கரெக்டா என்ற மூன்று இனங்களும் சேர்ந்தே விழும். மூன்றுக்கும் முதுகின் இரு ஓரத்திலும் மஞ்சள் கோடு, முதுகு முடிகிற இடத்தில் மஞ்சள் திட்டு. முதுகு செம்பழுப்பாக இருந்தால் ஜோனாட்டா, கறுப்பாக இருந்தால் டார்சாலிஸ் என்று பிரிக்கத்தான் யாருக்கும் தோன்றும். ஐயா அதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. டார்சாலிஸின் முதுகே கறுப்பிலிருந்து செம்பழுப்பு வரை மாறும் என்பார். இறக்கையைப் பார்க்கச் சொன்னார். டார்சாலிஸுக்கு இறக்கையின் முன்விளிம்பில் மெல்லிய பழுப்புக் கோடு அறுபடாமல் நுனிவரை ஓடும். மற்ற இரண்டுக்கும் அந்தக் கோடு நடுவிலேயே நின்றுவிடும், நுனியில் சின்னதாக ஒரு புள்ளி மட்டும் இருக்கும். அப்புறம் அந்த இரண்டையும் பிரிக்க முகம் தெரிய வேண்டும். ஜோனாட்டாவின் முகத்தில் இரண்டு கறுப்புப் புள்ளிகள் தனித்தனியாக இருக்கும். கரெக்டாவுக்கு அவை குறுக்கே நீண்டு ஏறக்குறைய ஒரே பட்டையாகத் தெரியும். ஆகவே மேலிருந்து ஒன்று, இறக்கையை விரித்து ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று என மூன்று படம் இல்லாமல் அவர் பெயர் சொல்லமாட்டார்.

அந்த மூன்று படங்களையும் எடுக்கக் கற்றுக்கொடுத்தது தோட்டக்கலை படிக்கும் எங்கள் ஊர்த் தங்கை. தன் மேக்ரோ லென்ஸைச் சீசன் முடியும்வரை எங்களிடமே விட்டுவைத்தாள். ஈயைக் கொஞ்ச நேரம் குளிரில் வைத்தால் அசையாமல் இருக்கும், டார்ச் வெளிச்சத்துக்கு முன்னால் டிஷ்யூ தாள் பிடித்தால் இறக்கை மினுங்காது என்பதெல்லாம் அவள் சொன்னதுதான். வீட்டு ஃபிரிட்ஜில் ஈ டப்பாவுக்கு இடம் கொடுத்த அவளுடைய அம்மாவுக்கும் நன்றி.

தோப்பில் விழுந்த காய் பொறுக்கும் அக்காக்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பொறியில் விழுவது ஆண் ஈ மட்டும்தான். காயைக் குத்தி முட்டை வைப்பதோ பெண் ஈ. அதன் படம் இல்லாமல் இந்தத் தாளால் என்ன பயன்? புழு விழுந்த பெங்களூரா, நீலம் ரக மாங்காய்களை அவர்கள் தனியாக எடுத்து, மணல் போட்ட வாளியில் வைத்துத் துணி கட்டிக் கொடுத்தார்கள். புழுக்கள் மணலுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி ஈயாக வெளிவந்தன. வந்தவுடன் நிறம் வெளிறிப்போய் இருக்கும், ஓரிரு நாள் விட்டுத்தான் படம் எடுக்க வேண்டும். அதுவரை வாளிகளைக் காகமும் எறும்பும் அண்டாமல் காத்தவர்களும் அவர்களே. வால்பக்கம் ஊசிபோல நீண்டிருக்கும் பெண் ஈயின் படம் தாளில் பெரிதாக இருக்கிறதே, அது அவர்கள் உழைப்பு.

"எல்லாம் ஈதானே, பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்டவர்கள் உண்டு. அதற்குப் பாலக்கோட்டு அண்ணனின் பாகற்காய்ப் பந்தலே பதில். அங்கே மீத்தைல் யூஜினால் பொறி கட்டியும் காய் அழுகிக்கொண்டுதான் இருந்தது. அவர் அனுப்பிய படத்தில் முதுகின் நடுவில் மூன்றாவதாக ஒரு மஞ்சள் கோடு தெளிவாகத் தெரிந்தது. சூகோடாக்கஸ் குக்கர்பிட்டே, பந்தல் காய்களைத் தாக்கும் ஈ. அது மீத்தைல் யூஜினாலுக்கு வராது, கியூ லூர் என்ற வேறொரு கவர்ச்சிப் பொருளை வைக்க வேண்டும். அண்ணன் பொறியை மாற்றியதோடு நிற்காமல், அக்கம்பக்கத்துப் பந்தல்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். தாளில் நான்காவது ஈ இடம்பிடித்தது அவரால்தான்.

நிறம் மாறாமல் வரும்வரை பொறுமையாகத் திரும்பத் திரும்ப அச்சிட்டுக் காட்டிய கிருஷ்ணகிரி அச்சகத்துத் தம்பிக்கும், பொறி கட்ட மரம் கொடுத்த தோப்புக்காரர்கள் எல்லோருக்கும் நன்றி.

கொய்யாத் தோப்பு வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கரெக்டாவின் முகப்படம் இன்னும் கொஞ்சம் தெளிவாக வேண்டும். உங்களுக்குக் கிடைத்தால், எந்த ஊர், எந்தப் பழம் என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த அச்சில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்,
காவேரிப்பட்டணம் பக்கத்து மா விவசாயி